உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு: எந்த வயதில் எது, ஏன்?

இலவசச் சத்திரசிகிச்சை முகாம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகையில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கமாக இருக்கும். ஒன்றில் பிளந்த உதடு, மற்றதில் தையல் ஆறிய உதடு. ஒரு மணித்தியால வேலை, அத்தோடு அலுவல் முடிந்தது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அதே பிள்ளையின் தாயைக் கேட்டால், பதினெட்டு வயது வரைக்கும் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பார். "அப்ப ஒப்பரேஷன் சரிவரேல்லையோ?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள்.

சரிவந்துதான் இருக்கிறது. ஆனால் உதடு வெளியே தெரிகிற பகுதி. சாப்பாடு, கேட்டல், பேச்சு, பல் எல்லாம் வாய்க்குள்ளே இருக்கும் பிளவோடு சம்பந்தப்பட்டவை. அவை ஒவ்வொன்றுக்கும் முகம் வளரும் வேகத்தோடு ஒட்டிய ஒரு காலம் உண்டு. முந்தினாலும் பழுது, பிந்தினாலும் பழுது. பெற்றோர் அதிகம் தவறவிடுவது உதட்டுச் சத்திரசிகிச்சையை அல்ல, அதற்குப் பிறகு வருபவற்றைத்தான்.

பிளவு எப்போது உண்டாகிறது

கருவில் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. இரு பக்கங்களிலிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் சந்தித்து ஒட்டுகின்றன. உதடு ஒட்டுவது கருவின் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள். அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, ஒட்டுவது 6 முதல் 9ஆம் வாரத்துக்குள். ஒட்டாமல் நின்ற இடமே பிளவு. உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது நிகழ்கிறது. வகைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பாதையே வகைக்கு வகை மாறும்.

1. உதடு மட்டும் பிளந்தது. சில வேளை முரசு (ஈறு) வரைக்கும் போகும். பால் குடிப்பதிலும் பேச்சிலும் பெரிய சிக்கல் இராது.
2. உதடும் அண்ணமும் சேர்ந்து பிளந்தது. ஒரு பக்கமாகவோ இரு பக்கமாகவோ இருக்கலாம். ஒரு பக்கமானால் பெரும்பாலும் இடப்பக்கம். ஆண் பிள்ளைகளிடம் கூடுதல்.
3. அண்ணம் மட்டும் பிளந்தது. முகம் அப்படியே இருக்கும். பெண் பிள்ளைகளிடம் கூடுதல். வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்க்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் வரைக்கும் தெரியாமல் போகலாம்.
4. மேல்தோல் மூடியிருக்க, உள்ளே தசை மட்டும் பிளந்தது. உண்ணாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது இதன் அடையாளங்களில் ஒன்று. பிள்ளை பேசத் தொடங்கி, பேச்சு மூக்கால் வரும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

18 முதல் 22 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் உதட்டுப் பிளவு பிடிபடும் வாய்ப்பு நல்லது. அண்ணம் மட்டும் பிளந்ததை ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. "ஸ்கேனில எல்லாம் சரியெண்டுதானே சொன்னவை" என்று டொக்டரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கிரகணமும் கத்தியும்

கிரகண நேரத்தில் கர்ப்பிணி மீன் வெட்டினாள், கத்தரிக்கோல் பிடித்தாள், அதனால்தான் உதடு வெட்டுப்பட்டது என்று இன்னமும் சொல்கிறார்கள். வெள்ளவத்தை மாடிவீட்டிலும் சொல்கிறார்கள், தோட்டத்து லயத்திலும் சொல்கிறார்கள். கணக்கு இடிக்கிறது: உதடு 7ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் மூன்று மாதம் பின்னால் போய் ஒன்றையும் வெட்ட முடியாது. அநேக பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் நாளில் இந்த வேலை பாதி முடிந்திருக்கும்.

மெய்யான காரணங்கள் கலவையானவை. பல மரபணுக்களின் சிறு சிறு பங்கு, தாயின் புகைத்தல், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேட், டொப்பிரமேட் போன்ற மருந்துகள் ஆகியவை அபாயத்தைக் கூட்டும். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே வைத்தியரோடு பேசி மாற்ற வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இராது. மாமியார் வீட்டில் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டினாலும் பிழையில்லை.

முதல் வாரங்கள்: பால்

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். அண்ணம் பிளந்த குழந்தைக்கு உறிஞ்ச முடியாது. உறிஞ்சுவதற்கு வாய் மூடிய அறையாக இருக்க வேண்டும். இங்கே வாயும் மூக்கும் ஒரே அறை. நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிக்கப் பார்ப்பது போலத்தான். குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பும், தாடை அசையும், தாய்க்குக் குடிப்பதாகவே தோன்றும். மூன்றாம் நாள் நிறுத்துப் பார்த்தால் எடை இறங்கியிருக்கும்.

உதடு மட்டும் பிளந்த குழந்தை அநேகமாகத் தாய்ப்பாலை நேரே குடிக்கும். மார்பகமே பிளவை அடைத்துக்கொள்ளும். அண்ணம் பிளந்திருந்தால் பாலைப் பிழிந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். செய்முறை இதுதான்:

1. அளவு. முதல் வாரம் கழிந்த பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். 3 கிலோ குழந்தைக்கு 450. எட்டுத் தடவையாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 55 முதல் 60.
2. நிலை. படுக்க வைத்துக் கொடுக்கக் கூடாது. பாதி இருத்தினாற்போல், தலையும் கழுத்தும் நேராக, முழங்கைக்குள் தாங்கிப் பிடிக்க வேண்டும்.
3. பாத்திரம். சிறு கோப்பை, கரண்டி, பாலாடை எதுவும் ஆகும். போத்தல் என்றால் அமத்தக் கூடிய மென்மையான போத்தல், அல்லது அண்ணப் பிளவுக்கென்றே செய்த, ஒருவழி வால்வு வைத்த சூப்பி. குழந்தை கடைவாயால் அமத்தும்போது பால் வரும், விட்டால் நிற்கும்.
4. தாளம். குழந்தை விழுங்கும் வேகத்துக்கு ஏற்ப அமத்த வேண்டும். இரண்டு மூன்று மிடறுக்கு ஒரு சின்ன இடைவெளி.
5. நேரம். 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மணித்தியாலம் கொடுத்தால், குடித்த பாலின் சத்தைக் குடிக்கும் வேலையே எரித்துவிடும். எடை ஏறாத குழந்தைகள் பலரிடம் இதுதான் காரணம்.
6. ஏவறை. காற்றையும் சேர்த்து விழுங்குவதால் நடுவிலும் முடிவிலும் தோளில் போட்டுத் தட்ட வேண்டும்.

மூக்கால் பால் வருவதைப் பார்த்து வீட்டார் பயந்து பாலையே குறைத்துவிடுவார்கள். மூக்கால் வருவது ஆபத்தல்ல. கொஞ்சம் நிறுத்தி, துடைத்து, தொடரலாம். இருமி நீலம் பாய்ந்தால் அது வேறு விடயம், உடனே ஆஸ்பத்திரி.

சாதாரண சூப்பியின் ஓட்டையைச் சூடான ஊசியால் பெருப்பிப்பது பரவலாக நடக்கும் பிழை. பால் நிற்காமல் ஊற்றும், குழந்தைக்குப் புரையேறும். சிலுவை வடிவில் கீறிய சூப்பி அமத்தினால் மட்டும் திறக்கும். இன்னொரு சிக்கல் வைத்தியசாலைகளின் போத்தல் தடை. தாய்ப்பாலூட்டலைக் காக்கும் நல்ல காரணத்துக்காக வந்தது அது. ஆனால் இந்தக் குழந்தைக்கு விசேட போத்தல் தேவை என்று வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரோடு தர்க்கப்படத் தேவையில்லை.

சரியாகப் போகிறதா என்று அறிய எடைதான் சாட்சி. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். மாதம் ஒருமுறை நிறுப்பது இங்கே போதாது, வாரம் ஒருமுறை நிறுக்கக் கேட்க வேண்டும்.

அண்ணப் பிளவோடு கீழ்த்தாடை மிகச் சிறியதாக இருந்தால் நாக்கு பின்னுக்கு விழுந்து மூச்சை அடைக்கும். மல்லாக்கப் படுக்க வைத்ததும் குறட்டை போல் சத்தம், விலாவுக்கு இடையில் தோல் உள்ளிழுத்தல் என்பன அடையாளம். இந்தக் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது என்பதை வீட்டில் தீர்மானிக்கக் கூடாது, வைத்தியசாலையில்தான் தீர்மானிக்க வேண்டும். மூச்சுத் திணறினால் 1990 இலவச அம்புலன்ஸ்.

உதடு: மூன்று பத்துகள்

உதட்டை மூடுவது வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்குள். சத்திரசிகிச்சையாளர்களிடம் பழைய விதி ஒன்று உண்டு: 10 வாரம், 10 இறாத்தல், ஹீமோகுளோபின் 10 கிராம். 10 இறாத்தல் என்பது 4.5 கிலோ. மயக்கமருந்தைத் தாங்கும் உடம்பு வேண்டும் என்பதே இதன் உட்பொருள். ஆகவே திகதி கிடைத்தும் திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளில் பலர் எடை காணாதவர்கள், இரத்தம் குறைந்தவர்கள், அல்லது அன்று தடிமன் பிடித்தவர்கள்.

கடைசிக் காரணம் தூரத்திலிருந்து வருபவர்களை நன்றாகவே வாட்டும். வவுனியாவிலிருந்தோ பதுளையிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்து, விடிய மூக்கு ஒழுகினால் திகதி போய்விடும். முதல் நாளே தொலைபேசியில் சொன்னால் வேறொரு பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்கும், உங்களுக்கும் கிட்டிய திகதி கேட்கலாம்.

வெறும் வயிறு என்ற கட்டளையில் விளையாடக் கூடாது. தாய்ப்பால் 4 மணித்தியாலம், மாப்பால் 6 மணித்தியாலம் முன்னதாக நிறுத்துவது பொதுவான வழக்கம். வார்ட்டில் சொல்லும் நேரமே இறுதி. பிள்ளை அழுகிறது என்று அம்மம்மா ஒளித்துக் கொடுக்கும் இரண்டு கரண்டிப் பால் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம்.

அண்ணம்: பேச்சு தங்கியிருக்கும் சத்திரசிகிச்சை

இது 9 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில். பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி. ஓட்டையை மூடுவது மட்டும் நோக்கமல்ல. மென்மையான பின்பகுதியில் இரு பக்கமும் பிழையான திசையில் ஓடும் தசைகளைத் திருப்பி, நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தசைதான் பேசும்போது அண்ணத்தை மேலே தூக்கி மூக்கை அடைக்கும்.

ஏன் ஒரு வயது? முந்திச் செய்தால் மேல்தாடையின் வளர்ச்சி குன்றக் கூடும். பிந்தினால் பிள்ளை ஓட்டை வாயோடு பேசப் பழகிவிடும், அந்தப் பழக்கம் பிறகு விடாது. இரண்டுக்கும் நடுவில் பிடிக்கும் சமரசமே இந்த வயது. "உதடு வடிவாய் வந்திட்டுது, உள்ளுக்குள்ள ஆர் பாக்கப் போகினம்" என்று மூன்று நாலு வயது வரை விடுவது, என் கணிப்பில், பெற்றோர் செய்யக்கூடிய மிக விலை கூடிய பிழை.

அதுவரைக்கும் சாப்பாட்டைப் பிந்த வைக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளைப் போல் 6 மாதத்தில் மசித்த சாப்பாடு தொடங்கலாம், தடுப்பூசிகளும் உரிய திகதியில். கோப்பையால் குடிக்கவும் அப்போதே பழக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பல வைத்தியர்கள் போத்தலை அனுமதிப்பதில்லை.

வீடு திரும்பியதும் 2 முதல் 3 வாரம் கவனம்:

1. மசித்த சோற்றுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் விட்டுப் பிசைந்து மசித்த இடியப்பம், வாழைப்பழம் சரி. பிட்டு வேண்டாம். அதன் உதிரி தையலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ரஸ்க், முறுக்கு, பொரித்த அப்பளம் கிட்டவும் வரக் கூடாது.
2. சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பின்னால் கொஞ்சம் கொதித்தாறிய தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும்.
3. கரண்டி உதட்டோடு நிற்க வேண்டும். வாய்க்குள் விரல், பிரஷ், விளையாட்டுச் சாமான் எதுவும் கூடாது. முழங்கை மடங்காதபடி உறை போடச் சொன்னால் போட வேண்டும், பாவம் பார்த்துக் கழற்றக் கூடாது.
4. எச்சிலில் முதல் ஓரிரு நாள் இளஞ்சிவப்பு இருக்கலாம். புதிய இரத்தம், காய்ச்சல், குடிக்க மறுத்தல் என்றால் உடனே திரும்ப வேண்டும்.

தையல் ஓரிடத்தில் விட்டு சிறு ஓட்டை மிஞ்சுவதும் உண்டு. சாப்பாடு மூக்கால் வந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். எல்லா ஓட்டையையும் உடனே மூடத் தேவையில்லை, அளவையும் இடத்தையும் பொறுத்தது.

காது

அண்ணத்தைத் தூக்கும் தசைகளின் கூட்டத்தில் ஒன்றுதான் தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயைத் திறக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கும். அண்ணம் பிளந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது எப்போதாவது வரும். நோவு இராது, காய்ச்சல் இராது, பிள்ளைக்குக் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். சொற்களைப் பிடிக்க வேண்டிய வயதில் அந்தக் கொஞ்சமே அதிகம்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, டீவீ சத்தத்தைக் கூட்டச் சொல்வது அடையாளங்கள். அடையாளம் இல்லாவிட்டாலும் கேட்டல் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் செவிப்பறையில் குரொமெட் என்ற சிறு குழாய் வைப்பார்கள், அது மாதங்கள் கழிந்து தானாக விழும். காதுக்குள் எண்ணெய் விடுவதால் பயனில்லை. நீர் பறைக்கு உட்பக்கம், எண்ணெய் வெளிப்பக்கம். குழாய் வைத்த காதில் விட்டால் கெடுதல்.

பேச்சு: வல்லினம் எங்கே போகிறது

பள்ளிக்கூடத்தில் படித்த வல்லினம், மெல்லினம் இங்கே அப்படியே உதவும். க, ச, ட, த, ப சொல்ல வாய்க்குள் காற்றை அடைத்துச் சடாரென்று விட வேண்டும். அதற்கு மூக்கு மூடியிருக்க வேண்டும். ங, ஞ, ண, ந, ம, ன சொல்ல மூக்கு திறந்திருக்க வேண்டும். அண்ணம் மேலே எழுந்து மூக்கை அடைக்காத பிள்ளையிடம் வல்லினம் எல்லாம் மெல்லினமாகச் சரியும். "பாப்பா" என்பது "மாம்மா" போலவும், "பாட்டி" என்பது "மாண்ணி" போலவும் கேட்கும். "அம்மா" மட்டும் அச்சொட்டாக வரும். அதைக் கேட்டுத்தான் "பேச்சு நல்லாத்தானே வருது" என்று வீட்டார் ஏமாறுவது.

வீட்டில் பார்க்க ஒரு வழி. பிள்ளையை "அப்பா, அக்கா, பாட்டி, தாத்தா" என்று சொல்ல வைத்து, மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடி பிடிக்க வேண்டும். இந்தச் சொற்களில் மூக்கொலி இல்லை, ஆகவே கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. இரட்டித்த வல்லினம் உள்ள சொற்களைத்தான் எடுக்க வேண்டும். "பகல்" போன்ற சொல்லில் நடு ககரம் இயல்பாகவே மெலிந்து ஒலிக்கும், ஒன்றும் பிடிபடாது.

இரண்டு விதமான கோளாறுகளைப் பிரித்தறிவது முக்கியம்.

1. காற்று மூக்கால் ஒழுகுவது. இது அமைப்பின் கோளாறு. அண்ணம் நீளம் போதாது அல்லது எழவில்லை. எத்தனை பயிற்சி செய்தாலும் நீளம் கூடாது. இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படலாம், வழக்கமாக 4 முதல் 6 வயதில்.
2. பிழையான இடத்தில் ஒலிக்கப் பழகியது. வாயில் காற்று நிற்காததால் பிள்ளை தொண்டையில் அடைத்து ஒலிக்கும். "அக்கா" என்பது நடுவில் ஒரு விக்கலோடு "அ-ஆ" என வரும். இது பழக்கம். சத்திரசிகிச்சை இதைத் தொடாது, பேச்சுச் சிகிச்சைதான் மாற்றும்.

பலூன் ஊதுவது, ஊதுகுழல், மெழுகுதிரி அணைப்பது எல்லாம் வீடு தோறும் சொல்லப்படும் வைத்தியம். பேச்சுக்கு அவை உதவுவதில்லை. ஊதுவதும் பேசுவதும் மூளைக்கு வெவ்வேறு வேலைகள். அந்தப் பத்து நிமிடத்தைத் தாய் எதிரில் இருந்து, பிள்ளையின் மூக்கை மெதுவாகப் பொத்தி "பா, பா" என்று சொல்ல வைப்பதில் செலவிட்டால் பலன் உண்டு. எந்த ஒலியில் தொடங்குவது என்று சிகிச்சையாளர் சொல்ல வேண்டும்.

கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் முட்டுவது இங்கேதான். பேச்சுச் சிகிச்சையாளர்களே நாட்டில் குறைவு, தமிழில் செய்யக்கூடியவர்கள் அதைவிடக் குறைவு. சிங்களத்துக்கென்று அமைத்த சொற்பட்டியல் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ளகரமும் இரட்டித்த டகரமும் தமிழ்ப் பிள்ளை நாள் முழுக்கப் பேசுவது. செய்யக்கூடியவை: தமிழ் தெரிந்தவருக்கு மாற்றித் தரும்படி முதல் சந்திப்பிலேயே கேட்பது, கிடைக்காவிட்டால் இரு மொழியும் தெரிந்த ஒருவரோடு போவது, பிள்ளை வீட்டில் பேசுவதை ஃபோனில் பதிந்து கொண்டுபோவது. சிகிச்சைக்கு வசதி என்று வீட்டில் மொழியை மாற்றக் கூடாது.

ஐந்தாந்தரமும் பல்லும்

பிளவு முரசின் ஊடாகப் போயிருந்தால் அந்த இடத்தில் எலும்பு இராது. நிரந்தர வேட்டைப்பல் இறங்குவதற்கு முன், 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே நிரப்புவார்கள். அந்த எலும்புக்குள் பல் இறங்கினால் எலும்பும் நிலைக்கும், பல்லும் நிலைக்கும். பல் இறங்கிய பிறகு நிரப்பினால் வெற்றி குறையும்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை சரியாக இதே வயதில் வந்து குறுக்கே நிற்கும். "சோதனை முடியட்டும்" என்று தள்ளுவார்கள், பிறகு புதுப் பள்ளிக்கூடம், பிறகு பல் இறங்கிவிடும். நாலாந்தர முடிவு விடுமுறைக்குத் திகதி கேட்டுப் பார்க்கலாம். நிரப்புவதற்கு முன் பற்களை விரிக்கும் கிளிப் சில மாதங்கள் வேண்டும் என்பதால் பல் வைத்தியரிடம் ஏழு எட்டு வயதிலேயே காட்ட வேண்டும். சூத்தைப் பல் இருந்தால் எல்லாமே பின்போகும்.

மேல்தாடை பின்தங்கினால் தாடையை நகர்த்தும் சத்திரசிகிச்சை வளர்ச்சி முடிந்த பிறகு, 17, 18 வயதுக்கு மேல். மூக்கைத் திருத்துவது அதற்கும் பிறகு.

பிளவல்லாத சில

மண்டையோட்டின் பொருத்துகள் முந்தி மூடிக்கொண்ட குழந்தைக்குக் காத்திருக்க நேரமில்லை. மூளை வளர இடம் வேண்டும், முதல் வருடத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் காது மடல் இல்லாமல் பிறந்தால் மடல் செய்வதற்கு 8, 10 வயது வரை பொறுக்கலாம். கேட்டலைப் பொறுக்கக் கூடாது: தலைப்பட்டியில் பொருத்தும், எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவியைச் சில மாதக் குழந்தைக்கே அணிவிக்கலாம்.

அடுத்த பிள்ளை, பழைய காகிதம்

பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லை, ஒரு பிள்ளைக்கு மட்டும் உண்டு என்றால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 3 முதல் 5 வரை. கீழுதட்டில் இரண்டு சிறு குழிகள் பிள்ளைக்கோ பெற்றோரில் ஒருவருக்கோ இருந்தால் கணக்கு மாறும். அது ஒரே மரபணுவால் கடத்தப்படும் வகை, வாய்ப்பு 50 வீதம் வரை போகும். மரபணு ஆலோசனை கேட்க வேண்டிய குடும்பம் அது. போலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிடைக்கும்.

கொழும்பில் இந்தப் பராமரிப்பு ஒரே கூரைக்குள் இல்லை. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஒரு பகுதி, தேசிய பல் வைத்தியசாலையில் இன்னொரு பகுதி, காதுக்கும் பேச்சுக்கும் வேறு கிளினிக். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் காகிதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தானாகப் போகாது. அதைக் கொண்டுபோவது பெற்றோர்தான். சிறுவர் வைத்தியசாலையின் வயதெல்லை தாண்டி, பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறும்போது முந்தியது என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு கோவையில் ஒவ்வொரு டயக்னோசிஸ் கார்ட், கேட்டல் பரிசோதனை, பல் எக்ஸ்ரே, வருடம் ஒன்றுக்கு முகத்தின் நேர்ப் படமும் பக்கப் படமும், பிள்ளை அதே பத்துச் சொற்களைச் சொல்லும் ஒரு ஒலிப்பதிவு. மூல கார்ட்டை யாரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது, ஃபொட்டோகொப்பி போதும்.